கண் முகாமில் பதினொன்றும் பன்னிரண்டும்

1981-ஆம் ஆண்டு, அரையாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறை. நாமக்கல்லுக்குக் கிழக்கே, எருமப்பட்டிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் பதினோராம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளியில் ஒரு சேவைச் சங்கம் இருந்தது. திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைப்பது, சந்தை மைதானத்தைக் கூட்டுவது, ஊசி போடும் நாளில் வீறிட்டு அழும் குழந்தைகளை வரிசையில் நிறுத்துவது என்று ஏதாவது ஒரு வேலை வந்துகொண்டே இருக்கும். அந்தச் சங்கத்துக்கு நான் செயலாளர். படிப்பைப் பார்த்துக் கொடுத்த பதவி இல்லை, என் தொண்டையைப் பார்த்துக் கொடுத்தது. கொடிக்கம்பத்தடியில் நின்று நான் கூப்பிட்டால் மைதானத்தின் அந்தக் கோடியில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். பொறுப்பாசிரியர் எங்கள் தையல் டீச்சர். அவருக்கு மெல்லிய குரல். அவர் சொல்வதை நான் உரக்கச் சொல்வேன். சில சமயம் அவர் சொல்லாததையும் சேர்த்துச் சொல்வேன்.

அந்த விடுமுறையில் எங்கள் பள்ளியில் இலவசக் கண் அறுவை முகாம் நடந்தது. இப்போதெல்லாம் கண்புரை எடுக்கக் காலையில் போனவர்கள் மாலையில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அன்றைக்கு அப்படி இல்லை. அறுத்த கண்ணோடு மற்றக் கண்ணையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். ஒரு வாரம் மல்லாந்து படுத்தே கிடக்க வேண்டும். குனியக் கூடாது, இருமக் கூடாது, தலையைத் திருப்பக் கூடாது, அழக் கூடாது, சிரிக்கவும் கூடாது. இதற்கெல்லாம் தலையாட்டியவர்கள், வெற்றிலை போடக் கூடாது என்றதும்தான் ஊருக்கே திரும்பிவிடலாமா என்று யோசித்தார்கள்.

அறிவியல் ஆய்வகத்தைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, ஜன்னல்களுக்கு வெள்ளைத் துணி கட்டி, அதையே அறுவைக்கூடம் ஆக்கினார்கள். வகுப்பறைகளில் இருந்த பெஞ்சுகளை வெளியே அடுக்கிவிட்டு, தரையில் வைக்கோல் பரப்பி, அதன் மேல் பாய் விரித்து நோயாளிகளைப் படுக்க வைத்தோம். நெற்றியில் ஒட்டிய பிளாஸ்திரியில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். ஆண்கள் இருந்த அறைகளைப் பையன்கள் பார்த்துக்கொண்டார்கள். பெண்கள் இருந்த அறைகள் எங்கள் பொறுப்பு. கஞ்சி ஊட்டுவது, முகம் துடைப்பது, படுத்தபடியே மலசலப் பாத்திரம் வைத்து எடுப்பது, கால் மரத்துப் போனால் பிடித்துவிடுவது எல்லாம் நாங்கள்தான். முதல் நாளே டாக்டர் எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார். "அறுக்கறது எங்க வேலை, அது அஞ்சு நிமிஷம். காப்பாத்தறது உங்க வேலை. தலை வெடுக்குன்னு அசைஞ்சா காயம் பிரிஞ்சு கண்ணு போயிடும். அப்புறம் யாராலும் ஒண்ணும் பண்ண முடியாது." அதைக் கேட்டு மற்றப் பிள்ளைகள் பயந்துபோனார்கள். எனக்கு மார்பு ஓர் அங்குலம் விரிந்தது.

முந்தைய வருடமும் இதே முகாம் நடந்திருந்தது. அப்போது காலனியிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் பாய் போட்டிருந்தார்கள். அதற்கு யாரும் காரணம் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மார்கழிப் பனியில் திறந்த கொட்டகையில் கிடந்தவர்களுக்கு இருமல் பிடித்துக்கொண்டு, அவர்களில் ஒருவருக்குக் கண்ணே போய்விட்டது. அதை டாக்டர்கள் மறக்கவில்லை. இந்த வருடம் எண் வரிசைப்படிதான் பாய், ஆய்வகத்திலிருந்து யார் வெளியே வருகிறார்களோ அவர்களுக்கு அடுத்த இடம், இதில் மாற்றம் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

டீச்சருக்கு ஒரே கவலை. "ஒண்ணா படுக்க வச்சு ஏதாச்சும் ரசாபாசம் ஆயிடுச்சுன்னா என்ன பண்றது?" என்று கையைப் பிசைந்தார். கவலை நியாயமானதுதான். எங்கள் வீட்டிலேயே காலனி ஆட்களுக்கென்று தனி டம்ளர் ஒன்று கொல்லைச் சுவரின் மேல் கவிழ்த்திருக்கும். நான்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அது என் மூளையில் உதித்த திட்டம் என்பதை அன்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டேன். கண்தான் கட்டியிருக்கிறதே, பேரையும் ஊரையும் யாரும் உச்சரிக்காமல் இருந்தால் போதும். எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், முகாமில் இது கட்டாயம் என்று நோயாளிகளிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிடுவோம். பக்கத்தில் படுத்திருப்பது யாரென்றே தெரியாமல் ஒரு வாரம் ஓடிவிடும். டீச்சர் யோசித்துவிட்டு, "நல்ல யோசனைதான் புள்ள" என்றார். நான் அறை அறையாகப் போய் அந்த விதியை முழங்கினேன்.

என் அறையில் பதினொன்றாம் எண்ணும் பன்னிரண்டாம் எண்ணும் அடுத்தடுத்துப் படுத்தார்கள். இருவருக்கும் அறுபதை ஒட்டிய வயது. ஊரும் பேரும் எழுதிய சீட்டைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. இருவரும் ஒரே ஊர். பதினொன்று, அந்த ஊரின் பெரிய தோட்டத்துக்காரம்மா. அவருடைய மகன் ரைஸ்மில் வைத்திருந்தார். முகாமுக்கு வேண்டிய அரிசி முழுவதும் அவர் மில்லிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு, அதே ஊர்க் காலனியிலிருந்து வந்தவர், விவசாயக் கூலியாகக் காட்டு வேலை செய்பவர். ஊர் ஒன்றாக இருந்தால் என்ன, இந்த அம்மாள் தோட்டத்து வீட்டுக்குள் இருப்பவர், அந்த அம்மாள் காட்டில் இருப்பவர், குரலெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

முதல் நாள் பகலெல்லாம் இருவரும் பேசவில்லை. அன்று மாலை பன்னிரண்டுக்கு லேசாக இருமல் எட்டிப் பார்த்தது. அடக்கிக்கொண்டு இரண்டு முறை செருமினார். பக்கத்துப் பாயிலிருந்து பதினொன்று என்னைக் கூப்பிட்டார்.

"ஏம் புள்ள, பக்கத்துல இருமறாங்க பாரு. சித்த சுடுதண்ணி கொண்டாந்து குடு."

நான் கொண்டுவந்து கொடுத்தேன். இருமல் நின்றது. சற்று நேரம் கழித்துப் பன்னிரண்டின் குரல் வந்தது.

"நல்லா இருப்பீங்கக்கா."

"அதென்ன அம்மிணி பெரிய விசயம். இருமுனா கண்ணு போயிருமாமா."

அதிலிருந்து ஆரம்பித்ததுதான். ஒருவர் 'அக்கா' என்றார், மற்றவர் 'அம்மிணி' என்றார். நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் ஏதாவது பேச்சு நடந்துகொண்டிருக்கும். இந்த வருடம் சின்ன வெங்காயம் அழுகிப்போனது, குச்சிக்கிழங்குக்கு ஜவ்வரிசி ஆலைக்காரன் சொல்லும் விலை, மருமகள் வைக்கும் ரசம், பேரன் பரீட்சையில் கோட்டை விட்டது என்று அவர்கள் தொடாத விஷயமே இல்லை. பன்னிரண்டுக்கு வாய்த்துடுக்கு அதிகம். ஒரு நாள் காலையில் நான் ஊட்டிய உப்புமாவை விழுங்கிவிட்டு, "ஏஞ்சாமி, இது உப்புமாங்களா, செவுத்துக்குப் பூசக் கலக்குனதுங்களா?" என்று கேட்டார். அறை முழுவதும் சிரித்தது. நான் அலறினேன். "யாரும் சிரிக்கக் கூடாது! கண்ணு! கண்ணு!" என்று பாய்க்குப் பாய் ஓடி எல்லார் நெற்றியிலும் கையை வைத்து அழுத்தினேன். அந்த உப்புமாவைக் கிண்டியவளும் நான்தான் என்பதை வெளியே சொல்லவில்லை.

பதினொன்றுக்கு வேறொரு கஷ்டம் இருந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஓரிடத்தில் கிடப்பது அவருக்குப் பயத்தைக் கொடுத்தது. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் மூச்சு வேகமாகும், விரல்கள் பாயைப் பிறாண்டும். ஒரு பிற்பகல் நான் உள்ளே நுழைந்தபோது, பன்னிரண்டு கையை நீட்டித் துழாவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "மூச்ச மெதுவா உடுங்கக்கா. காட்டுக்குள்ள நெழல்ல படுத்திருக்கறதா நெனச்சுக்கோங்க. அப்பவும் கண்ண மூடிட்டுத்தான படுப்போம்?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தோட்டத்துக்காரம்மாவின் விரல்கள் அந்தக் காய்த்துப்போன கையை இறுகப் பற்றியிருந்தன. நான் வாசலுக்கு ஓடி என் தோழியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். "பார்த்தியா, எல்லாம் என் திட்டம்" என்று அவள் காதில் ஓதினேன். என் ஒருத்தியால் அந்த ஊரே மாறிவிட்டதாக எனக்கு எண்ணம்.

நான்காம் நாள் உறவினர்கள் வந்து பார்க்கலாம் என்று அனுமதித்தார்கள். ரைஸ்மில் முதலாளியும் அவர் மனைவியும் பிற்பகலில் வந்தார்கள். அவர் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் ஆரஞ்சுப் பழப் பை. எங்களுக்கும் அவருக்கும் தூரத்து உறவு உண்டு. "நம்மூட்டுப் புள்ளதான் பாத்துக்குதா, அப்பக் கவலையில்ல" என்று என்னைப் பார்த்துச் சிரித்தபடிதான் உள்ளே வந்தார். அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து நலம் விசாரித்தார். அப்புறம் பார்வை பக்கத்துப் பாய்க்குப் போனது. பாதி முகம் கட்டுக்குள் மறைந்திருந்தும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தெரியாமல் எப்படி இருக்கும்? அந்த அம்மாள் வேலை செய்ததே அவர்கள் தோட்டத்தில்தான். அதுதான் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவர் எழுந்து என்னை வாசல் பக்கம் கூப்பிட்டார். முதலில் தணிந்த குரலில்தான் பேசினார்.

"ஏம் புள்ள, என்ன இது? யாரு பக்கத்துல யாரப் படுக்க வச்சிருக்கறீங்க?"

"எண் வரிசைங்க மாமா. டாக்டர் சொன்னதுங்க."

"டாக்டருக்கு நம்மூரு வெவகாரம் தெரியுமா? உனக்குத் தெரியாதா? கொட்டாய்லதான எப்பவும் படுப்பாங்க? தூக்கி அக்கட்டால போடச் சொல்லு."

தையல் டீச்சர் அந்தப் பக்கம் வந்தவர் நின்றுவிட்டார். முதலாளி அவரிடமும் அதையே சொன்னார், இந்த முறை உரக்க. டீச்சர் என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். அறை நிறைய ஆட்கள், அவர்கள் வயிற்றுக்கு இவருடைய அரிசி. "வேற ரூம்ல இடம் இருக்கான்னு வேணா பாக்கறேன்" என்று டீச்சர் இழுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் நாளைக்கு உலை வைத்தாக வேண்டும். டாக்டர்கள் அறுவையை முடித்துவிட்டுச் சேலத்துக்குப் போயிருந்தார்கள். ஒரே ஒரு நர்ஸ்தான் தங்கியிருந்தார். அவரும் அந்த நேரம் ஆண்கள் பக்கத்தில் இருந்தார்.

இதற்குள் அறையிலிருந்த எல்லாப் பேச்சும் நின்றுவிட்டது. கண் தெரியாதவர்களுக்குக் காது கேட்குமே. திடீரென்று பன்னிரண்டின் குரல் கேட்டது. நாலு நாளாக உப்புமாவைக் கிண்டலடித்த குரல் அது இல்லை. வேறு யாரோ பேசுவது போல இருந்தது.

"நான் போயிக்கறனுங்க சாமி. எனக்காவ ஒண்ணும் வேண்டாமுங்க. நானே போயிக்கறனுங்க."

சொல்லிக்கொண்டே அவர் கையை ஊன்றி எழ ஆரம்பித்தார். திரும்பிப் பார்த்தேன். பாதி உட்கார்ந்துவிட்டார். தலை தொங்குகிறது. பாயைச் சுருட்டுவதற்காக ஒரு கை தரையைத் துழாவுகிறது. குனிகிறார். டாக்டர் எதைச் செய்யவே கூடாது என்று சொன்னாரோ அதைத்தான் செய்துகொண்டிருந்தார், யாருக்கும் தொல்லை தரக் கூடாது என்பதற்காக. போன வருடம் கொட்டகையில் ஒரு கண் போனது என் நினைவில் பளிச்சென்று வந்தது.

எப்படிப் போனேன் என்று தெரியாது. நடுவில் கிடந்த கஞ்சிச் சட்டி உருண்டது நினைவிருக்கிறது. அவர் முன்னால் மண்டியிட்டு விழுந்து, இரண்டு உள்ளங்கையாலும் அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். "அசையாதீங்க! ஒரு துளி அசையக் கூடாது!" என்று கத்தினேன். கொடிக்கம்பத்தடியில் கத்துகிற அதே குரல். என் தோழி ஓடிவந்து அவர் முதுகைத் தாங்கினாள். இரண்டு பேருமாகக் கொஞ்சங்கொஞ்சமாக அவரைப் பின்னால் சாய்த்துப் படுக்க வைத்தோம். கட்டின் ஓரத்தில் ஈரம் தெரிகிறதா, ரத்தமா, கண்ணீரா என்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நெற்றியிலிருந்து கையை எடுக்காமலே முதலாளியைப் பார்த்துப் பேசினேன்.

"மாமா, இவங்க இன்னொருக்கா எந்திரிச்சா கண்ணு போயிரும். போச்சுன்னா திருப்பி வராது. இவங்களத் தூக்கறதா இருந்தா என்னைய மொதல்ல தூக்கோணும். நான் நவுர மாட்டேன்."

அவர் முகம் கறுத்தது. "உங்கப்பங்கிட்ட வந்து சொல்லறேன் இரு. பள்ளிக்கூடம் அனுப்புனா வாய் நீண்டு போச்சு" என்றார். சொல்லிக்கொள்ளட்டும். பயம் இல்லை என்று சொன்னால் பொய், ஆனால் அந்த நேரத்தில் நான் சொல்வது சரி என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகம்கூட இல்லை. அந்தத் தெம்பு என்னைத் தாங்கியது.

அப்போதுதான் பதினொன்று பேசினார்.

"டேய். யாரடா தூக்கச் சொல்லற?"

"அம்மா, நீ சும்மா படு. உனக்குத் தெரியாது. பக்கத்துல யாரு படுத்திருக்கறாங்கன்னு உனக்கு..."

"ஏன் தெரியாது? மொத நா இருமுனப்பவே தெரியும். நம்ம காட்டுல அவ களையெடுக்க வந்தப்ப நீ தொட்டில்ல கெடந்த. அவ இருமல் எனக்குத் தெரியாதா? அவ வரப்புல நின்னு சத்தம் போட்டா எங்காதுலதான வந்து உழுவும்?"

மகன் அம்மாவையும் பக்கத்துப் பாயையும் மாறி மாறிப் பார்த்தார். நானும்தான்.

"அவள அக்கட்டால போடறதுன்னா நானும் எந்திரிச்சு கூடப் போறேன். இந்தா பாரு" என்று சொல்லி, பதினொன்று தலையைத் தூக்கினார். விளையாட்டுக்குத் தூக்கவில்லை, நிஜமாகவே தூக்கினார். மருமகள் "ஐயோ அத்த!" என்று பாய்ந்து பிடித்தாள். முதலாளியும் ஓடிவந்து அம்மாவின் தோளை அழுத்தி, "செரி, செரி, படு. யாரும் போவ வேண்டாம். நீ படும்மா" என்றார். கண் போய்விடும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆரஞ்சுப் பையை அங்கேயே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

நர்ஸம்மா வந்து இரண்டு பேரின் கட்டையும் மெல்லத் தூக்கிப் பார்த்து, காயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்ன பிறகுதான் நான் கையை எடுத்தேன். விரல்கள் மரத்துப் போயிருந்தன. வாசலுக்குப் போய் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். அழக் கூடாது என்ற விதி எனக்குக் கிடையாதே. டீச்சர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைத் தடவினார். மறுநாள் அரிசி வருமா வராதா என்று இருவரும் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தோம். காலையில் மில் வண்டி வந்தது. வழக்கம் போல மூட்டையை இறக்கிவிட்டுப் போனது.

அன்று மாலை கஞ்சி ஊட்டப் போனபோது பதினொன்று என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏஞ்சாமி, பேரச் சொல்லாதீங்க, ஊரச் சொல்லாதீங்கன்னு மொத நா வந்து கூவுனது நீதான? எங்களுக்கு ஒருத்தர ஒருத்தர் தெரியக் கூடாதுன்னுதான?" என்றார். நான் அசடு வழிந்தேன். பன்னிரண்டு சும்மா இருப்பாரா? "சின்னப் புள்ளைங்க கண்ணாமூச்சி ஆடறாப்பல நம்மளயும் ஆட வச்சுதுங்கக்கா. பாவம், அது ஆசப்பட்டுச் செஞ்சுது, கெடுக்க வேண்டாமுன்னுதான் நானும் கம்முனு இருந்தேன்" என்றார். ஆக, பன்னிரண்டுக்கும் முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. ஊர்க் காட்டில் வாழ்நாளெல்லாம் ஒருவர் குரலை ஒருவர் கேட்டவர்களிடமிருந்து அந்தக் குரலை மறைத்துவிட்டதாக நான் நாலு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறேன். எனக்கே சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று அவர்கள்தான் என்னை அதட்டினார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு பன்னிரண்டு மெதுவாக ஒன்று கேட்டார்.

"இங்க செரிங்க. கட்டவுத்து ஊருக்குப் போனா?"

பதினொன்று பதில் சொல்லவில்லை. நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் காத்திருந்தேன். கஞ்சி ஆறிப்போனது.

வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். முதலாளி சொன்னபடியே அப்பாவிடம் சொல்லிவிட்டார். முகாம் முடியும் வரை அப்பா என்னோடு பேசவில்லை. அதன் பிறகு ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர், "அந்தம்மாளுக்குக் கண்ணு நல்லாருக்குதா?" என்று மட்டும் கேட்டார். "நல்லாருக்குதுங்கப்பா" என்றேன். "செரி, கொழம்ப ஊத்து" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது.

கட்டு அவிழ்க்கும் நாள் காலையில் டாக்டர்கள் வந்தார்கள். பதினொன்றுக்குப் பார்வை வந்துவிட்டது. பன்னிரண்டின் முறை வந்தபோது நான் டாக்டருக்குப் பின்னால் நின்று என் கழுத்துச் சங்கிலியைக் கடித்துக்கொண்டிருந்தேன். அன்று எழுந்து குனிந்ததில் உள்ளே ஏதாவது ஆகியிருந்தால்? டாக்டர் பஞ்சை எடுத்தார், கண்ணைத் துடைத்தார், தடித்த கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டு விரல்களைக் காட்டினார். பன்னிரண்டு கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "மூணுங்க" என்றார். டாக்டர் கையை மாற்றினார். "இப்ப ரண்டுங்க. மோதரம் போட்டிருக்கறீங்க" என்றார். நான் துள்ளிக் குதித்தேன். அப்புறம் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இதாங்களா அந்தச் சத்தக்காரப் புள்ள? குரலப் பாத்து பெரிய ஆளுன்னுல்ல நெனச்சேன், இத்தினிக்கூண்டு இருக்குது" என்றார்.

ஆனால் அதற்குப் பிறகு அவர் பதினொன்றின் பக்கம் திரும்பவில்லை. எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். பதினொன்றும் பாயில் உட்கார்ந்தபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கட்டியிருந்த வாரம் முழுவதும் ஓயாமல் பேசியவர்கள், கண் தெரிந்ததும் ஒரு சொல் பேசவில்லை. எனக்கு அவர்கள் இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. கட்டை அவிழ்க்காமலே விட்டிருக்கலாம் என்று ஒரு நிமிடம் பைத்தியக்காரத்தனமாக நினைத்தேன்.

அவர்கள் ஊர்க்காரர்களைக் கொண்டுபோய் விட மில் வேன் வந்திருந்தது. முன்னால் ஓட்டுபவருக்குப் பக்கத்தில் மெத்தை வைத்த இருக்கை. பின்னால் பக்கவாட்டில் இரண்டு பலகை, நடுவில் மூட்டை போடும் இடம். முதலாளி தானே வந்து அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் முன் இருக்கையில் உட்கார வைத்தார். பன்னிரண்டு யாரும் சொல்லாமலே பின்பக்கம் போனார். நான்தான் கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். பலகையின் ஓரத்தில் ஒண்டி உட்கார்ந்துகொண்டார். "போய்ட்டு வாரனுஞ்சாமி" என்றார். வண்டியைக் கிளப்பிவிட்டார்கள்.

கிளம்பிய வண்டி ஓர் அடி நகர்ந்து நின்றது. முன்பக்கக் கதவு திறந்தது. பதினொன்று இறங்கிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா?" என்றார் மகன்.

"முன்னால வெளிச்சம் கண்ணுல அடிக்குதுடா. கூசுது. நான் பின்னால உக்காந்துக்கறேன்."

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மாவின் கண்ணாடிக்குள்ளிருந்து என்ன பார்வை வந்ததோ, சொல்லவில்லை. பதினொன்று வண்டியைப் பிடித்துக்கொண்டே நடந்து பின்பக்கம் வந்தார். நான் கை கொடுத்தேன். எதிர்ப் பலகை காலியாகத்தான் இருந்தது. அவர் அதில் உட்காரவில்லை. பன்னிரண்டுக்குப் பக்கத்திலேயே, நல்ல பெரிய உடம்பு அவருக்கு, பொத்தென்று உட்கார்ந்தார். பள்ளிக்கூட வாசலில் பையன்கள், டீச்சர், வேடிக்கை பார்க்க வந்த ஊர்க்காரர்கள் என்று அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு ஒரு கணம் விறைத்துப் போனார். பிறகு அவரையும் பார்த்தார், எங்கள் எல்லாரையும் பார்த்தார். அதன் பிறகு அந்த வாய்த்துடுக்கான குரல் பழையபடி திரும்பி வந்தது.

"சித்த தள்ளி உக்காருங்கக்கா. எனக்கும் எடம் வேணுமல்ல?"

பதினொன்று தள்ளி உட்கார்ந்தார். வண்டி போய்விட்டது.

அதற்கப்புறம் அந்த ஊரில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தோட்டத்து வீட்டில் டம்ளர் ஒன்றானதா, மகன் மாறினாரா என்றெல்லாம் நான் விசாரிக்கவில்லை. ஒரே பயணத்தில் எல்லாம் மாறிவிட்டது என்று கதை கட்டவும் எனக்கு விருப்பமில்லை. பின்னாளில் ஊர் ஊராக மாற்றலாகிப் போகும் வேலை எனக்குக் கிடைத்தது. எத்தனையோ கூட்டம், எத்தனையோ பந்தி நடத்தியிருக்கிறேன். யாரை யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்று ஒவ்வொரு முறையும் யாராவது வந்து காதைக் கடிப்பார்கள். மனிதர்கள் ஒருவரை ஒருவர் அறியாமல் இருந்தால்தான் சேர்ந்திருப்பார்கள் என்று பதினாறு வயதில் நான் போட்ட திட்டத்தை, கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்த இரண்டு பேர் சிரித்தே தோற்கடித்துவிட்டார்கள். அதனால் இன்றும் நான் எதையும் மறைப்பதில்லை. யார் யாரென்று எல்லாருக்கும் தெரியும்படியே ஒரே பாயை விரித்துவிட்டு, தெரிந்தே உட்காருவார்கள் என்ற நம்பிக்கையோடு ஒதுங்கி நிற்கிறேன். கொஞ்சம் தயங்கினாலும், பெரும்பாலும் உட்கார்ந்துவிடுகிறார்கள்.